மகன் புலம்பல்

பாலசுந்தரத்துக்கு உயிரோடு இருந்த காலத்தில் பேரப்பிள்ளை என்று ஒன்று கிடையாது. செத்தபிறகு அடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் ஏழு பேர் இருந்தார்கள்.

அச்சகக்காரர் வாட்ஸப்பில் அனுப்பிய புரூபைச் சுபோதினி வங்கியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் திறந்து பார்த்தாள். ‘மனைவி புலம்பல்’ என்ற தலைப்பின் கீழே அவளுடைய அம்மா இப்படி அழுதுகொண்டிருந்தாள்:

ஏழு பேரர் தோளேறி இழைந்து விளையாட
வாழ்வு முழுதுமெனை வாடாமல் காத்தவரே,
கொழும்பிலும் கனடாவிலும் கொடிகட்டி நின்றவரே,
எழும்பி ஒருதரம்தான் என்முகத்தைப் பாரீரோ.

அப்பா கனடாவைக் கலண்டரில்தான் பார்த்திருந்தார். சுபோதினிக்குக் கல்யாணமே ஆகவில்லை, ஏழு பேரர் எங்கிருந்து தோளேறுவது? யாரோ ஒரு கனடாக்காரர் செத்தபோது கட்டிய அழுகையை எடுத்து, முகப்பில் அப்பாவின் பெயரையும் படத்தையும் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்பது விளங்க அவளுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, செத்தவீட்டுக்காரி சிரிக்கலாமா என்று பக்கத்து மேசையைப் பார்த்துக்கொண்டாள்.

யாழ்ப்பாணத்துச் சனம் எங்கே போய்க் குடியிருந்தாலும் கல்வெட்டை விடாது. ஆள் போய் முப்பத்தோராம் நாள், வந்த சனத்துக்குச் சோறு போட்டு, கையில் ஒரு சின்னப் புத்தகத்தையும் கொடுத்து அனுப்ப வேண்டும். முன்னட்டையில் செத்தவர் கோட் போட்டு நிற்பார். உள்ளே தோத்திரப் பாடல்கள், வாழ்க்கை வரலாறு, பிறகு மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று முறைப்படி அழுகை. வீட்டுக்காரருக்கு அழத்தான் நேரம் இருக்கும், அழுகையைப் பாட்டாகக் கட்ட நேரம் இராது. அதனால் அச்சகத்தில் எல்லா முறைக்கும் புலம்பல் ஆயத்தமாக இருக்கும். பெயரையும் ஊரையும் மாற்ற வேண்டியதுதான். மாற்ற மறந்தால் ஏழு பேரர் வந்து தோளேறுவார்கள்.

அவள் அச்சகக்காரருக்கு எடுத்துச் சொன்னாள். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. “அது பிரச்சினையில்லைத் தங்கச்சி, பேரரை எடுத்துப்போட்டு ‘ஊரும் உறவும்’ எண்டு போடுவம். ஓசை பிழைக்காது” என்றார். ஓசை பிழைக்காமல் இருப்பதுதான் அவருக்குப் பெரிய காரியம்.

வாழ்க்கை வரலாறு வேறு விதமான கஷ்டம். பாலசுந்தரம் கொழும்புத் துறைமுகப் பக்கம் கப்பல் சாமான் விடுவித்துக் கொடுக்கும் ஒரு கம்பனியில் கிளாக்கராக இருந்தார். கிழமையில் சில நாட்கள் வேலை முடிந்து வெள்ளவத்தை ஃப்ளட் வீட்டுக்கு வரமாட்டார். “அப்பாவுக்கு இண்டைக்கு ஓவர்டைம்” என்று அம்மா சிவக்கொழுந்து சொல்லுவாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் இரண்டு பேருக்கு மட்டும் சோறு போடுவாள். பிறகு அவர் ஓய்வு பெற்றார். ஓவர்டைம் ஓய்வு பெறவில்லை. வேலையில்லாத மனிதன் ஓவர்டைம் போகிறான், அதை ஒருவரும் கேட்கவுமில்லை. அந்த ஓவர்டைம் கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் இருந்தது. ஐறீன் என்று ஒரு பெண், அவளுக்கு ஒரு மகன். சொந்தக்காரர் எல்லாருக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருக்கவும் எல்லாருக்கும் தெரியும்.

அவர் செத்ததும் ஓவர்டைமில்தான். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையோடு சரிந்துவிட்டார். ஐறீன்தான் சுபோதினிக்குப் போன் எடுத்தாள். அவள் அழுதுகொண்டே சொன்னதைச் சுபோதினி அம்மாவிடம் சொன்னபோது, அம்மா கையிலிருந்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். “ஆசுப்பத்திரியில மோசம் போனார் எண்டு சொல்லு” என்றாள். எல்லாருக்கும் அப்படியே சொன்னார்கள்.

உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் பெட்டிக்குப் பக்கத்தில் அம்மாவும் சுபோதினியும் இருந்தார்கள். பெரியப்பா மகன் ஜனா கொள்ளி வைக்க வேட்டி கட்டி வந்து நின்றான். “ஆண்பிள்ளை இல்லாத மனுசன், பாவம்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அந்த நேரம் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒரு பெடியன் தட்டில் சோடாப் போத்தல்களை வைத்துக்கொண்டு கதிரை வரிசைகளுக்குள் போய் வந்துகொண்டிருந்தான். மலர்ச்சாலை ஆள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பெரியப்பா அவனைக் கையைத் தட்டிக் கூப்பிட்டு இன்னொரு சோடா கேட்டார். அவன் கொண்டுவந்து கொடுத்தான். அவன் பெட்டிப் பக்கம் போகும்போது மட்டும் தட்டு ஆடியதைச் சுபோதினி கண்டாள். முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. அப்பாவின் காது அவனுக்கு. ஆனால் அவள் எழும்பிப் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அம்மா பக்கத்தில் இருந்தாள்.

புரூப் வந்த அடுத்த நாள் அவன் போன் எடுத்தான்.

“மிஸ், நான் றேமண்ட். டடிட போன்ல இருந்து உங்கட நம்பர் எடுத்தது. மன்னிச்சுக்கொள்ளுங்க.”

என்ன வேணும் என்று அவள் கேட்டாள். வீடு, வளவு என்று சொத்துக் கதை ஏதாவது வரப்போகிறது என்று அவளுக்குப் பயம். அவன் அதைத் தொடவே இல்லை.

“டடிக்கு ஒரு புக் அடிக்கிறீங்களாமே மிஸ். அதுல எனக்கு ஒரு பக்கம் தரலாமா? பேர் போட வேணாம். நான் எழுதினது இருந்தாப் போதும்.”

வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு சாப்பாட்டுக்கடையில் சந்தித்தார்கள். கிட்டப் பார்த்தால் இன்னும் பெடியன். தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கிறான். சனி ஞாயிறுகளில் ஒரு பாண்டோடு சேர்ந்து கல்யாண வீடுகளில் கீபோர்ட். பேசும்போது வலது கை மேசையில் தன்பாட்டில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, அதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

“நீர் பாட்டு எழுதுவீரோ?”

“பாட்டு இல்ல மிஸ். பாட்டெண்டா மெட்டுக்குள்ள அடங்கோணுமே. நான் வாசிக்கிறது எல்லாம் மத்தாக்கள்ட பாட்டு. வாசிக்கேக்க மனசுல ஏதும் வரும், அது அதுக்குள்ள போகாது. அப்ப அதைப் போன்ல எழுதி வைப்பன். யாருக்கும் காட்டுறதில்ல. பாண்ட்ல உள்ளவங்க கண்டா வாழ்நாள் முழுக்க வெச்சு ஓட்டுவானுகள்.”

அவன் போனை அவள் பக்கம் நகர்த்தினான். அந்தக் குறிப்புகளுக்கு அவன் வைத்திருந்த பெயர் ‘மிச்சம்’. முதலில் இருந்தது இது:

கல்யாண ஹோலில்
ஆயிரம் பேருக்கு வாசித்தேன்.
ஒருவர் திரும்பிப் பார்த்தார்.
பிரியாணி என் பக்கம் இருந்தது.

சுபோதினி சிரித்துவிட்டாள். அவனும் கூச்சத்தோடு சிரித்தான். அடுத்ததைப் படித்தாள்.

என் கீபோர்ட்டில் ஒரு கட்டை ஊமை.
அந்த இடம் வரும்போது
நான் வாயால் பாடிவிடுவேன்.
பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள்
எனக்கு அந்தப் பாட்டு
அவ்வளவு பிடிக்குமென்று.

இதற்கு அவள் சிரிக்கவில்லை. இரண்டு தரம் படித்தாள். அச்சகக்காரர் அவளுக்காகக் கட்டியிருந்த மகள் புலம்பலில் அப்பா இமயமலையாகவும் குலவிளக்காகவும் இருந்தார். அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தானே ஏதாவது எழுதலாம் என்று அவள் இரண்டு மூன்று தரம் உட்கார்ந்ததுண்டு. ‘அன்புள்ள அப்பா’ என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அந்த அன்புள்ள என்பதிலேயே அவளுக்குச் சந்தேகம். பிறகு இமயமலையே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

“அப்பாவைப் பற்றினது எங்கை?”

“அது இன்னும் எழுத்தில வரல்ல மிஸ். கையால தட்டிச் சொன்னாத்தான் வருது. கடையில எப்பிடி?” என்றான் அவன், சுற்றிப் பார்த்து.

போகும்போது எழும்பி நின்றுகொண்டு சொன்னான்: “நான் டடிக்கு ஒண்டும் செய்யல்ல. செய்ய விடல்ல எண்டு சொல்லல்ல, முறை அப்பிடித்தானே. சோடா குடுக்கத்தான் ஒரு இடம் கிடைச்சது. இந்தப் புக்ல மட்டும் எண்டாலும் நானும் ஒரு ஆள் அவருக்காக இருந்தன் எண்டு இருக்கட்டும். அதுதான்.”

அன்று பின்னேரம் சுபோதினி அம்மாவிடம் சொன்னாள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டாள்.

“பேர் போடவேண்டாமாம், அம்மா. ஒரு பக்கம்தான்.”

“கல்வெட்டு எண்டால் என்னெண்டு உனக்குத் தெரியுமோ பிள்ளை? அது சனத்தின்ர கைக்குப் போற சாமான். லண்டனுக்கும் போகும், ஒஸ்ரேலியாவுக்கும் போகும். அதில ஏறினது பிறகு இறங்காது. இவ்வளவு காலமும் நான் வாயைத் திறக்காமல் இருந்தது எதுக்கு?”

“அவன் நல்ல பெடியன், அம்மா.”

“கெட்டவன் எண்டு நான் சொல்லேல்லையே” என்றாள் அம்மா. “நல்ல பெடியன் எண்டால் இன்னும் கஷ்டம்.”

அம்மா கீரையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சுபோதினிக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகப் பட்டது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் நியாயம் இருந்தால் எவ்வளவு லேசு. அம்மா தன் வாழ்நாளில் பாதியை ஒரு சொல்லால் மூடி வைத்திருக்கிறாள், அந்த மூடியை மகளே எடுத்து ஊருக்குக் காட்டுவதா? மற்றப் பக்கம், சொந்தத் தகப்பனின் பெட்டிக்குக் கிட்டப் போக ஒரு சோடாத்தட்டைத் தூக்க வேண்டியிருந்த பெடியன். அச்சகக்காரர் வேறு அவசரப்படுத்தினார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரி சொன்னால்தான் அடித்துக் கட்டி எடுக்கலாமாம். ஒரு பக்கம் கூட்டலாமோ என்று கேட்டாள். கூட்டுவதென்றால் நாலு நாலாகத்தான் கூட்டலாம், மிச்ச மூன்றுக்கும் தோத்திரப் பாடல் போட்டு நிரப்பலாம், ஆனால் அதற்கு இப்போது நேரமில்லை என்றார். உள்ளதில் ஒன்றை எடுத்தால்தான் இன்னொன்று போகும்.

சனிக்கிழமை காலை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா கேட்டாள்: “அந்தப் பெடியன் என்ன எழுதினவனாம்?”

“தெரியேல்லை. நேரில சொல்லத்தான் வருமாம்.”

“வாறதெண்டால் வரட்டும். நீ கேட்டுப்போட்டு அனுப்பு. நான் அறைக்குள்ள இருப்பன்.”

ஞாயிற்றுக்கிழமை பகல் பூசை முடித்த கையோடு, ஓர்கன் வாசித்த அதே இஸ்திரி போட்ட சேட்டோடு, றேமண்ட் வந்தான். கையில் ஒரு கேக் பெட்டி. செத்தவீட்டுக்குக் கேக் கொண்டுவரலாமா என்று வழியெல்லாம் யோசித்ததாகச் சொன்னான். சுபோதினி வாங்கி வைத்தாள். அம்மா சொன்னபடி அறைக்குள் இருந்தாள். கதவைச் சாத்தவில்லை, திரையை மட்டும் இழுத்து விட்டிருந்தாள். திரைக்குக் கீழே அவளுடைய கால்விரல்கள் தெரிந்தன. கட்டிலில் இருந்தால் கால் அங்கே தெரியாது. கதிரையைக் கதவடிக்கே இழுத்துப் போட்டிருக்கிறாள் என்று சுபோதினி கண்டுகொண்டாள்.

“நீர் சொல்லும். நான் போனில அடிக்கிறன்.”

அவன் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் கையை வைத்தான். விரல்கள் மெதுவாகத் தட்டத் தொடங்கின. கல்யாணவீட்டுத் தாளமும் இல்லை, கோயில் தாளமும் இல்லை. யாரோ படியேறி வருகிற மாதிரி இருந்தது. பாடவில்லை, சொன்னான்.

டடி வரும் நாளில்
மம்மி இரண்டு தரம் தலை வாருவா.
டடி வந்ததும் செருப்பைக் கழட்டி
வாசலைப் பார்க்கத் திருப்பி வைப்பார்.
வரும்போதே போவதற்கு ஆயத்தம்.

நான் சின்னவன்.
அவர் தேத்தண்ணி குடிக்கும் நேரம் பார்த்து
செருப்பை உள்ளே பார்க்கத் திருப்பி விடுவேன்.
போகும்போது குனிந்து பார்ப்பார்.
யார் திருப்பியது என்று
ஒருநாளும் கேட்டதில்லை.
சுவரைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி,
திருப்பி மாட்டக்
கொஞ்ச நேரம் எடுப்பார்.

அந்தக் கொஞ்ச நேரம்
அவர் எனக்குத் தந்தது.

இப்போது செருப்பு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.
எந்தப் பக்கம் வைத்தாலும்
ஒன்றுதான்.

விரல்கள் நின்றன. சுபோதினி கடைசி வரியை அடித்து முடிக்கவில்லை, எழுத்துகள் கண்ணுக்குள் கலங்கிவிட்டன. அப்பாவை இந்த ஒரு மாதமாக அவள் நினைக்காத நாளில்லை. ஆனால் அவரைக் கண்டது இப்போதுதான், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில்.

“தம்பி” என்று திரைக்குப் பின்னால் குரல் வந்தது.

றேமண்ட் விறுக்கென்று எழும்பி நின்றான்.

“அந்தச் செருப்புக் கதை நடந்ததோ, பாட்டுக்கு எழுதினதோ?”

“நடந்ததுதான் அன்ரி.”

“அங்கயும் அப்பிடித்தான் வைக்கிறவரோ? வாசலைப் பார்க்க?”

“ஓம் அன்ரி. எப்பவும். நானும் மம்மியும் நினைச்சது, இங்க வாறதுக்கு அவருக்கு அவசரம் எண்டு.”

திரை விலகியது. சிவக்கொழுந்து வெளியே வந்தாள். ஒரு மாதமாக வெள்ளைச் சீலையில் சுருங்கிப் போயிருந்த மனுசி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெடியனை மேலும் கீழும் பார்த்தாள். அவளும் அந்தக் காதைக் கண்டிருக்க வேண்டும்.

“இங்கயும் அப்பிடித்தான் வைக்கிறவர்” என்றாள். “கலியாணம் முடிச்சு வந்த கொஞ்ச நாளில இருந்தே. பிறகு உம்மட அம்மாவின்ர கதை காதில விழுந்த உடன, நான் நினைச்சன், ஓ, அங்க ஓடத்தான் இந்த ஆயத்தம் எண்டு. அந்தச் செருப்பைக் காணக் காண எனக்குப் பத்தி எரியும்.”

றேமண்ட் தன் செருப்பைக் கழற்றி வைத்த வாசலைத் திரும்பிப் பார்த்தான். சுபோதினியும் பார்த்தாள். இந்த வீடு அந்த வீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறது, அந்த வீடு இந்த வீட்டைப் பார்த்து. கடைசியில் மனிதன் இரண்டு வீட்டிலும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவளுக்கு அப்பாவின் மேல் கோபம் வந்தது, அதே மூச்சில் பாவமாகவும் இருந்தது.

அம்மா கதிரையை இழுத்து மேசையடியில் இருந்தாள். “இரும் தம்பி” என்றாள். அவன் இருந்தான்.

“நீர் சின்னப் பிள்ளை. உமக்கு அதைத் திருப்பி வைக்கத் தெரிஞ்சிருக்கு. எனக்கு அப்பிடி ஒரு புத்தி வரேல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்திட்டன்.”

“அவர் எப்பிடியும் போகத்தான் செய்தார் அன்ரி.”

“போகத்தான் செய்தார். ஆனால் உமக்குக் கொஞ்ச நேரம் கிடைச்சதெல்லோ” என்றாள் அம்மா. பிறகு சுபோதினியிடம் திரும்பி, “அந்தப் புரூபை எடு பாப்பம், எனக்கு என்ன எழுதியிருக்கிறாங்கள் எண்டு” என்றாள்.

சுபோதினி போனைக் கொடுத்தாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தாள். ஏழு பேரர் போய் ஊரும் உறவும் தோளேறி விளையாடிக்கொண்டிருந்தார்கள். கனடாவில் கொடி இன்னும் பறந்தது. வாடாமல் காத்தவரே என்ற இடத்துக்குத் திரும்பி வந்து, “இது ஆர் அழுகிறது?” என்று கேட்டாள்.

“நீங்கள்தான் அம்மா.”

சிவக்கொழுந்து சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். றேமண்ட் பயந்துபோய்ச் சுபோதினியைப் பார்த்தான். சிரிப்பு அடங்கியதும் அம்மா கண்ணாடியைக் கழற்றிச் சீலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஊரும் உறவும் இவற்ற தோளில ஏறினதாம். மனுசனுக்கு முதுகுவலி. இதை எடுக்கச் சொல்லு. என்ர பேரில எனக்குத் தெரியாத பொய் வேண்டாம், தெரிஞ்ச பொய்யே போதும். அந்தப் பக்கத்தில இவர் சொன்னதைப் போடச் சொல்லு.”

“உங்கட புலம்பல் இல்லாட்டிச் சனம் கேக்கும் அம்மா.”

“கேக்கட்டும்.”

“பேர் வேணாம் அன்ரி” என்றான் றேமண்ட். “உங்களுக்குக் கரைச்சல். நான் அக்காட்ட சொன்னதுதானே.” மிஸ் எப்போது அக்கா ஆனாள் என்று அவனுக்கே தெரியாது. சுபோதினி அதைத் திருத்தவில்லை.

“பேரில்லாமல் போட்டால் அச்சகக்காரன் எழுதினதெண்டு நினைப்பினம். அந்தப் பாவம் உமக்கு வேண்டாம்” என்றாள் அம்மா. “முழுப் பேர் என்ன?”

அவன் தயங்கினான். “றேமண்ட் பாலசுந்தரம்.”

“அப்ப அதைத்தான் போடோணும். தலைப்பு மகன் புலம்பல் எண்டு. பிள்ளை, எழுதி அனுப்பு.”

சுபோதினி எழுதி அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் அச்சகக்காரர் போன் எடுத்தார். “மகன் புலம்பலோ தங்கச்சி? மகன் இருக்கிறாரெண்டு நீங்கள் சொல்லேல்லையே. இது ஓசை சரியில்லை, எங்களிட்ட நல்லதாய் ஒண்டு ரெடியாய் இருக்கு, போடட்டோ?” என்றார். வேண்டாம், எழுதினபடியே ஒரு எழுத்தும் மாற்றாமல் போடுங்கோ என்று சுபோதினி சொன்னாள். அவள் போனை வைக்கும்போது அம்மா கேக் பெட்டியைத் திறந்து, கத்தி எடுத்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தோராம் நாள் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் சாப்பாடு. பூசை முடிந்து ஐயர் போனபிறகு, வாசலில் ஒரு மேசையில் கல்வெட்டுகளை அடுக்கி வைத்தார்கள். றேமண்ட் வந்திருந்தான். ஐறீனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அம்மா அவனிடம் சொல்லியிருந்தாள். மம்மி வெட்கப்படுகிறா, இன்னொரு நாளைக்கு வருவா என்றான். அவன் பின் வரிசையில் ஒரு ஓரத்தில் இருந்தான். பந்தி வைக்க ஆள் போதாமல் இருந்தபோது வாளியைத் தூக்க எழும்பினான். அம்மா தூரத்திலிருந்தே கையைக் காட்டி இருக்கச் சொன்னாள்.

சனம் கல்வெட்டைப் புரட்டியது. முதலில் எல்லாரும் படத்தைப் பார்ப்பார்கள், பிறகு தங்கள் பெயர் நன்றிப் பக்கத்தில் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதற்குப் பிறகுதான் உள்ளே. உள்ளே போனவர்களின் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. ஒரு மாமி பக்கத்து மாமியின் முழங்கையை இடித்தாள். இவ்வளவு காலமும் ஊர் அறிந்ததுதான், ஆனால் அறிந்ததும் அச்சில் கண்டதும் ஒன்றல்ல. றேமண்ட் குனிந்து தன் வாழையிலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய வலது கை மேசையில் அசையாமல் கிடந்தது.

பெரியப்பாதான் வாய் திறந்தார். அப்பாவின் அண்ணன், குடும்பத்தில் மூத்தவர், அவர் கேட்காவிட்டால் வேறொருவரும் கேட்கமாட்டார்கள். கல்வெட்டைக் கையில் பிடித்தபடி அம்மா இருந்த இடத்துக்கு வந்தார். என்ன கேட்கப்போகிறார் என்று மண்டபமே பார்த்தது. அவர் கேட்க வந்ததை நேரே கேட்கவில்லை, சுற்றி வந்தார்.

“பிள்ளை, உம்மட புலம்பலைக் காணேல்லையே. அச்சகக்காரன் விட்டிட்டான் போல கிடக்கு.”

“விடேல்லை அத்தான். இருக்கு” என்றாள் அம்மா. புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கி, அந்தப் பக்கத்தைப் பிரித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

பெரியப்பா தலைப்பைப் பார்த்தார். கீழே பெயரைப் பார்த்தார். பிறகு நின்றநிலையிலேயே வாசித்தார், உதடு அசைய, ஒவ்வொரு வரியாக. முடிக்க அவருக்கு நேரம் எடுத்தது.

“இது மகன்ர புலம்பலெல்லோ” என்றார், குரலைத் தணித்து. மகன் என்று அவர் வாயில் வந்துவிட்டது, அதை அவர் கவனிக்கவில்லை. “மனுசியின்ரை எங்கை?”

“எழுதினது மகன்தான் அத்தான்” என்றாள் அம்மா, தணிக்காத குரலில். “ஆனால் அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிண்டது அவர் மட்டுமில்லை. நானும் நிண்டனான், ஐறீனும் நிண்டவ. மூண்டு பேருக்கும் அந்த ஒரு பக்கம் போதும்.”

ஐறீன் என்ற பெயரை அம்மா சொல்லிச் சுபோதினி கேட்டது அதுதான் முதல் தடவை. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கதிரையில் இருந்து, முதல் வரியிலிருந்து திரும்பவும் வாசிக்கத் தொடங்கினார்.